"பாஸ்கா" என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எங்கள் ஊரில் அது நாடகத்தின் பெயர்

செம்மண்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மணப்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் ஊரில் பாஸ்கா என்றால் நாடகம். கோவில் திடலில் மேடை போட்டு, தோட்டத்தில் ஆண்டவர் இயேசு இரத்த வேர்வை சிந்தியதிலிருந்து கல்லறையில் வைக்கிற வரைக்கும் விடிய விடிய நடிப்பார்கள். "இந்த வருசம் பாஸ்கா உண்டா?" என்று கேட்டால் நாடகம் உண்டா என்றுதான் பொருள். என் பெரியப்பா பதினொரு வருடம் பாஸ்காவில் பிலாத்து வேடம் கட்டியவர். கை கழுவுகிற காட்சிக்குப் பெரியம்மா சீராகக் கொண்டுவந்த வெண்கலத் தாம்பாளத்தைத்தான் எடுத்துப் போவார். அந்தத் தாம்பாளத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் என் அப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பிக்கும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில்.

இந்த வருடம் திருவிழிப்புப் பூசைக்கு, இப்போது குடியிருக்கும் நகரத்துப் பங்கில்தான் போனோம். "பாஸ்கா என்றால் எபிரேய மொழியில் கடந்துபோதல்" என்று சாமியார் மறையுரையில் விளக்கினார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் வண்டியில் திரும்பும்போது, ஒன்பதாவது படிக்கும் என் மகள், "அப்பா, அப்போ நம்ம ஊர்ல இத்தனை வருசமா தப்பாத்தான் சொல்லிட்டு இருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாயி இப்போது இல்லை. அது சொன்ன சொல் தப்பு என்று சொல்ல வாயும் வரவில்லை.

கடந்துபோதல் எப்படிப் பாடுகளின் நாடகம் ஆயிற்று? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்

இங்கிலீஷில் பாஸ்ஓவர் என்கிறார்களே, அதில் வரும் "பாஸ்" தானே பாஸ்கா? கடந்துபோதல் என்ற பொருளும் சரியாக வருகிறது. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சொல்தேடி

வழிப்போக்கன் தம்பி, அது கேட்க ஒன்றுபோல இருக்கிறதே தவிர உறவு இல்லை. இங்கிலீஷ் "பாஸ்" லத்தீனில் "அடி, காலடி" என்ற சொல்லின் வழி வந்தது. பாஸ்ஓவர் என்ற சொல்லையே வில்லியம் டிண்டேல் 1530-இல் தம்முடைய பைபிள் மொழிபெயர்ப்புக்காக உண்டாக்கினார். எபிரேயச் சொல்லின் ஓசையும் பொருளும் ஒன்றாக விழும்படி அவர் கட்டிய சொல் அது. பாஸ்கா அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தது.

சரி, மூலத்துக்கு வருவோம். எபிரேயத்தில் சொல் "பெசாஹ்". அரமேயத்தில் அது "பஸ்ஹா". இயேசுவுக்கு முன்பிருந்தே யூத மக்கள் வாயில் அரமேயம் இருந்தது என்பதால் கிரேக்கர் காதில் விழுந்ததும் அந்த வடிவம்தான். கிரேக்கத்தில் "பாஸ்கா" என்று எழுதினார்கள், லத்தீனும் அப்படியே எடுத்துக்கொண்டது. நம்மிடம் இருப்பது அந்தச் சொல்.

முதலில் அது ஒரு நாளின் பெயராகக்கூட இருக்கவில்லை. ஆட்டுக்குட்டியின் பெயர். விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரத்தில் மோசே மூப்பர்களிடம் பெசாஹை வெட்டுங்கள் என்கிறார். மாற்கு 14-இல் சீடர்கள் பாஸ்காவை உண்பது பற்றிக் கேட்கிறார்கள். வெட்டுவது, சுடுவது, உண்பது எல்லாம் பெசாஹ். ஏழு நாள் புளியாத அப்பம் சாப்பிடுவது பக்கத்தில் நடந்த வேறொரு பண்டிகை, இரண்டும் பிறகு சேர்ந்துகொண்டன. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு யூதர்கள் ஆட்டைப் பலியிடுவதில்லை. அந்த இரவு விருந்தின் தட்டில் ஒரு சுட்ட எலும்பை மட்டும் வைக்கிறார்கள். யாரும் அதைத் தின்பதில்லை. ஒரு காலத்தில் அந்தச் சொல்லின் முழுப் பொருளாக இருந்த ஆடு இன்று அந்த எலும்பாக மேசையில் இருக்கிறது.

அந்த ஆட்டுக்கு ஏன் அந்தப் பெயர்? அதற்குக் காரணமாக அதே அதிகாரம் "பாசாஹ்" என்ற வினையைச் சொல்கிறது. எகிப்தில் தலைப்பிள்ளைகளைக் கொல்லும் இரவில், இஸ்ரயேலர் தங்கள் கதவு நிலைகளில் பூசிய ஆட்டு இரத்தத்தைக் கண்டு ஆண்டவர் "பாசாஹ்" செய்வார். இதை "கடந்துபோவேன்" என்று மொழிபெயர்ப்பது வழக்கம். பைபிளை லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம் "ஆண்டவரின் கடந்துபோதல்" என்று எழுதிவிட்டதால் மேற்குத் திருச்சபை முழுக்க அந்தப் பொருள் நிலைத்துவிட்டது. உங்கள் சாமியார் சொன்னது இந்த வழிதான்.

ஆனால் எபிரேயத்தை நிதானமாகப் படித்தால் ஒரு தடங்கல் வரும். கொல்வதற்காக எகிப்து முழுக்க ஆண்டவர் கடந்துபோகிறார் என்று சொல்ல அங்கே "ஆவர்" என்ற வேறொரு வினை இருக்கிறது. எபிரேயத்தில் சாதாரணமாகக் கடப்பதற்கு உள்ள சொல் அதுதான். இரத்தம் பூசிய வாசலில் செய்வதற்கு மட்டும் "பாசாஹ்". ஒன்றுக்கு ஒன்று எதிரான இரண்டு செயல்கள், இரண்டு வினைகள். 23-ஆம் வசனத்தில் இது இன்னும் தெளிவு. ஆண்டவர் அந்த வாசலில் "பாசாஹ்" செய்வதால் அழிப்பவன் வீட்டுக்குள் நுழைய முடிவதில்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டவர் உள்ளே வருகிறவனை எப்படித் தடுப்பார்? வாசலில் நின்று மறைத்தால்தானே தடுக்க முடியும்?

இதை முதலில் கவனித்தவர்கள் பழைய மொழிபெயர்ப்பாளர்களே. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்த யூதர்கள் 13-ஆம் வசனத்தில் "உங்களை மூடிக் காப்பேன்" என்ற பொருளில் எழுதினார்கள். அரமேய மொழிபெயர்ப்பு "இரங்குவேன்" என்றது. எசாயா 31:5-இல் எருசலேமைக் காக்கும் ஆண்டவரைக் குஞ்சுகளின் மேல் சிறகடித்து நிற்கும் பறவைக்கு ஒப்பிடும் இடத்திலும் இதே வினைதான் வருகிறது. பறவை குஞ்சைக் கடந்து போகாது, அதன் மேல் நிற்கும்.

என் மனம் இந்தப் பொருளின் பக்கம்தான் சாய்கிறது.

பனங்காடு

சொல்தேடி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பழைய வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். நாங்கள் குறிலில் "பஸ்கா" என்றுதான் சொல்வோம், எழுதுவோம். எங்களுக்கு நாடகம் கிடையாது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், அவ்வளவுதான்.

அக்கா சொன்ன அந்த இரண்டு வினைகளும் எங்கள் மொழிபெயர்ப்பில் ஒன்றாகவே போய்விட்டன. யாத்திராகமம் (அக்கா சொன்ன விடுதலைப் பயணம்தான்) 12:12-இல் "எகிப்துதேசம் எங்கும் கடந்துபோய்", அடுத்த வசனத்திலேயே "உங்களைக் கடந்துபோவேன்". ஐம்பது வருடமாகப் படிக்கிறேன், முதலில் வருவது வேறு சொல் என்று இன்றுதான் தெரிகிறது.

இன்னொன்று. இந்த வினைக்கு நொண்டுதல் என்றும் பொருள் உண்டு என்று எங்கள் சபை ஐயர் ஒருமுறை வேதபாடத்தில் சொன்னார். அப்போது சரியாகப் புரியவில்லை. இப்போது தேடினேன். 1 இராஜாக்கள் 18:21, கர்மேல் மலையில் எலியா ஜனங்களைப் பார்த்துக் கேட்பது: "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்". ஐந்து வசனம் தள்ளி, பாகாலின் தீர்க்கதரிசிகள் பலிபீடத்துக்கு எதிரே "குதித்து ஆடினார்கள்". இரண்டு இடத்திலும் எபிரேயத்தில் இதே வேர்தானா அக்கா? "குந்திக்குந்தி" என்று போட்ட அந்த மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று நிலை கொள்ளாமல் நடக்கிற நடை அப்படியே வந்துவிட்டது.

சொல்தேடி

அதே வேர்தான் ஐயா. சவுலின் பேரன் மேவிபோசேத் செவிலித்தாயின் கையிலிருந்து விழுந்து முடமாகிற 2 சாமுவேல் 4:4-இலும் அதுதான். முடவனுக்கு எபிரேயத்தில் "பிசேயஹ்".

இதை வைத்து, பெசாஹ் ஆதியில் ஆட்டிடையர்கள் இளவேனிலில் காலை மடக்கிக் குதித்து ஆடிய ஒரு சடங்கு என்று சொன்ன ஆய்வாளர்கள் உண்டு. நொண்டுபவனும் ஒரு காலைத் தூக்கித்தான் அடி வைக்கிறான். அதிலிருந்து "தாண்டுதல்", தாண்டுதலிலிருந்து "விட்டுவிட்டுப் போதல்" என்று பொருள் நகர்ந்தது என்பது இன்னொரு கட்சி. அக்காடிய மொழியில் "தணிதல், ஆறுதல்" என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் எழுத்துகள் முறைப்படி ஒத்துவரவில்லை. காத்தல், தாண்டுதல் இரண்டும்தான் உறுதியாக நிற்பவை.

செம்மண்

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. மகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். "பறவை மாதிரி நிக்கிறது" என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. காத்தலோ தாண்டுதலோ, இரண்டிலும் பாடுகள் எங்கே? அப்பாயி அழுதது எங்கே?

சொல்தேடி

செம்மண், உங்கள் அப்பாயி தனியாக இல்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே அவருக்குத் துணை இருக்கிறது.

கிரேக்கத்தில் "பாஸ்கெய்ன்" என்று ஒரு வினை உண்டு. "படுதல், துன்பத்துக்கு ஆளாதல்" என்று பொருள். எபிரேயத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஆனால் எபிரேயம் தெரியாத கிரேக்கக் கிறிஸ்தவர்கள் "பாஸ்கா" என்று கேட்டபோது அவர்கள் காதில் விழுந்தது பாஸ்கெய்ன்தான். வேறு எது விழும்? அவர்கள் கொண்டாடியதே ஆண்டவர் பாடுபட்ட நினைவைத்தானே.

இன்றைய துருக்கியின் மேற்கில் சர்தை என்ற பழைய நகரம் இருக்கிறது. திருவெளிப்பாட்டில் வரும் ஏழு சபைகளில் ஒன்று. அங்கே ஆயராக இருந்த மெலித்தோ ஏறக்குறைய கி.பி. 160-களில் பாஸ்காவைப் பற்றி ஒரு நீண்ட மறையுரை எழுதினார். அது வெகுகாலம் காணாமல் போய், பாப்பிரசுச் சுவடியிலிருந்து படித்தெடுக்கப்பட்டு 1940-இல் அச்சேறியது. அதில் அவரே கேட்கிறார்: பாஸ்கா என்றால் என்ன? நடந்ததிலிருந்துதான் பெயர் வந்தது, பாஸ்கெய்ன் என்பதிலிருந்து பாஸ்கா என்கிறார். ஆபேலில் கொல்லப்பட்டவர், ஈசாக்கில் கட்டப்பட்டவர், யோசேப்பில் விற்கப்பட்டவர் என்று அவர் அடுக்கிக்கொண்டே போவதைப் படித்தால் நாடக மேடையில் ஒரு பெரிய வசனம் கேட்பது போலவே இருக்கும்.

அந்தப் பகுதிச் சபைகள் பாஸ்காவை யூதர்களைப் போலவே நிசான் என்ற யூத மாதத்தின் 14-ஆம் நாள் இரவில் வைத்துக்கொண்டார்கள், அது எந்தக் கிழமையில் வந்தாலும். உரோமையில் ஞாயிற்றுக்கிழமை. இதற்காகச் சிமிர்னா ஆயர் பொலிகார்ப்பு கி.பி. 155 வாக்கில் உரோமைக்கே போய் அங்கே ஆயராக இருந்த அனிசேத்துவோடு பேசினார். இருவரும் மற்றவரை மாற்ற முடியவில்லை, ஆனாலும் சமாதானமாகவே பிரிந்தார்கள். பிறகு வந்த உரோமை ஆயர் விக்டர் காலத்தில் சண்டை முற்றி, 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான ஞாயிறு என்று முடிவானது. அதற்கு முன்பு அந்த மக்களுக்குப் பாஸ்கா என்றால் முதலில் நினைவுக்கு வந்தது பாடுகள். சாவும் உயிர்ப்பும் ஒரே இரவில்.

இதற்கு மறுப்பும் அப்போதே எழுந்தது. ஒரிஜன் என்ற பழைய கிரேக்கக் கிறிஸ்தவ அறிஞர் எபிரேயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, அது பாடு அல்ல, கடந்துபோதல் என்றார். அகுஸ்தீனார் யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை விளக்கும்போது, இது கிரேக்கச் சொல் அல்ல, எபிரேயச் சொல் என்று திருத்துகிறார். ஆனால் திருத்திவிட்டு அவர் அங்கேயே நிற்கவில்லை. இந்த ஒரு பெயரில் இரண்டு மொழிகளும் அழகாக ஒத்துப்போகின்றன என்கிறார். கிரேக்கர் காதில் பாடு. எபிரேயத்தில் கடந்துபோதல். ஆண்டவர் பாடுபட்டுத்தான் இவ்வுலகிலிருந்து தந்தையிடம் கடந்துபோனார்.

தமிழில் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்கெய்னுக்குச் சரியான தமிழ் "படு" தான். அதிலிருந்துதான் "பாடு", "திருப்பாடுகள்". "பாடு", "பாஸ்கா" இரண்டும் ஒரே நெடிலில் தொடங்குகின்றன. உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் சர்தைக்காரர்கள் எதைக் கேட்டார்களோ அதையே அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பனங்காடு

இதைப் படித்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வழிப்போக்கன்

பாஸ்கா புரிந்தது. ஈஸ்டர்? ஒவ்வொரு வருடமும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஈஸ்டர் என்பது பாபிலோனிய தேவதை இஷ்டாரின் பெயர், கிறிஸ்தவர்கள் தெரியாமல் கொண்டாடுகிறார்கள்" என்று ஒரு செய்தி வரும். இந்த வருடமும் வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு ரொம்பக் கலங்கிப் போனார்.

சொல்தேடி

அம்மாவிடம் கலங்க வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. இஷ்டார் செமித்தியப் பெயர். ஈஸ்டர் ஜெர்மானியச் சொல். ஓசையில் பக்கத்தில் வருவதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டு இல்லை. இந்தக் கதையைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர். கத்தோலிக்கத் திருச்சபையைப் பாபிலோன் என்று காட்டுவது அவர் நோக்கம். அதற்காக ஒலி ஒத்த பெயர்களையெல்லாம் முடிச்சுப் போட்டார்.

ஈஸ்டர் என்ற பெயரைப் பற்றி நமக்கு இருக்கும் பழைய சாட்சி பீட் என்ற ஆங்கிலேயத் துறவி. கி.பி. 725-இல் காலக்கணக்கைப் பற்றி எழுதிய நூலில், ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்குத் தம் மக்கள் "எயோஸ்தூர் மாதம்" என்று பெயர் வைத்திருந்தார்கள், எயோஸ்ட்ரே என்ற தேவதைக்கு அந்த மாதத்தில் விழா எடுத்தார்கள், இப்போது அந்தப் பெயரால் பாஸ்கா காலத்தை அழைக்கிறார்கள் என்கிறார். அந்தத் தேவதையைப் பற்றி அவர் எழுதியது அந்த ஒரு குறிப்புதான். ஜெர்மனியில் 1958-இல் கிடைத்த 150-க்கும் மேற்பட்ட உரோமைக் காலக் கல்வெட்டுகளில் இதே வேரில் பிறந்த ஒரு தாய்த்தெய்வக் கூட்டத்தின் பெயர் இருப்பதால், பீட் கற்பனை செய்யவில்லை என்று பலர் இப்போது நினைக்கிறார்கள்.

வேர் "கிழக்கு, விடியல்". சமஸ்கிருத உஷஸ் அதே வேர்தான். நம் கோயில்களில் "உஷத்கால பூசை" என்கிறோமே, அந்த உஷைக்கு ஈஸ்டர் தூரத்துச் சொந்தம். விடியற்காலையில் பெண்கள் கல்லறைக்குப் போன நாளுக்கு இந்தப் பெயர் வந்து அமைந்ததில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை.

அதுவும் போக, ஈஸ்டர் என்று சொல்பவர்கள் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும்தான், அப்புறம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள். பிரெஞ்சில் பாக், ஸ்பானியத்தில் பாஸ்குவா, ரஷ்யனில் பாஸ்ஹா, டச்சில் பாசென், இந்தோனேசியாவில் பாஸ்காஹ். எல்லாம் அந்த ஆட்டுக்குட்டியின் பெயர்.

பனங்காடு

இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அப்போஸ்தலர் 12:4-இல் ஏரோது பேதுருவைச் சிறையில் வைக்கும் இடத்தில் 1611-ஆம் வருட ஆங்கில வேதாகமம் "ஈஸ்டர்" என்று போட்டிருக்கிறது. எங்கள் தமிழில் "பஸ்காபண்டிகைக்குப் பின்பு" என்றே இருக்கிறது. தமிழில் வேதத்தைத் திறந்தால் ஈஸ்டர் இல்லை, பஸ்காதான் இருக்கிறது. தம்பி, இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

முத்துக்கரை

நான் மன்னார். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு வாறன், இப்பதான் எழுத நேரம் கிடைச்சது.

செம்மண் அண்ணை, உங்கட ஊர் வழக்கம் உங்கட ஊரோடு நிற்கவில்லை. எங்களிடமும் பாடுகளின் நாடகத்துக்குப் பெயர் பாஸ்கு, பேச்சில் பாஸ். "பாஸ் காட்டுறது" என்பார்கள். நடிகர்கள் இல்லாமல் உருவங்களை வைத்துக் காட்டும் பாஸும் எங்கள் பக்கம் உண்டு, அதற்கு "உடக்குப் பாஸ்" என்று பெயர். சின்ன வயதில் அம்மாவின் மடியில் இருந்து பார்த்தது. சிலுவையில் தொங்கும் உருவத்தின் தலை மெல்லச் சாயும். அது மரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தலை சாய்ந்தவுடன் சனம் எல்லாம் ஒரே நேரத்தில் விட்ட மூச்சு இன்றைக்கும் காதில் கிடக்கு. பிறகு உருவத்தை இறக்கி ஆசந்தியில், அதாவது பாடையில், வைத்துப் பவனி போவார்கள்.

சிங்களத்தில் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். உயிர்ப்புத் திருநாளுக்குச் சிங்களத்தில் "பாஸ்குவ". நீர்கொழும்புக்குப் பக்கத்தில் துவ என்ற கடலோர ஊரில் நடக்கும் பெயர்பெற்ற பாடுகளின் நாடகத்துக்கும் அதே பெயர்தான், "துவ பாஸ்குவ". ஒரே சொல் திருநாளுக்கும் நாடகத்துக்கும்.

இந்தக் கரைகளில் போர்த்துக்கேயர் 1505-இல் வந்து 1658 வரைக்கும் இருந்தவை. அவர்கள் சொல்லும் திருநாளின் பெயர் "பாஷ்கொவ". பாஸ்கு, பாஸ்குவ இரண்டின் கடைசி உகரத்தையும் பார்த்தால் அது வந்த கப்பல் தெரியும்.

எங்களுக்கு 2019 ஏப்ரல் 21 கோவில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு "உயிர்த்த ஞாயிறு" என்ற பெயரே வேறு மாதிரிக் கனக்கிறது. அன்று பூசையில் இருந்த சனத்தை நினைத்துக்கொண்டுதான் இப்போது பாஸ் பார்க்கிறோம். அதனால் உங்கட அப்பாயியின் கண்ணீரை நான் சொல்லின் பிழை என்று எடுக்கவே மாட்டன்.

மலையடிவாரம்

நான் தமிழ், வேலை காரணமாகக் கோட்டயத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இங்கே இந்தச் சொல்லின் இன்னொரு வடிவம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. பெரிய வியாழனுக்கு மலையாளத்தில் "பெசஹா வியாழம்".

எங்கள் பக்கத்து வீட்டு அம்மச்சி அன்றைக்கு மாலையில் பெசஹா அப்பம் செய்வார். அரிசி மாவும் உளுந்தும்தான், புளிக்க விடக் கூடாது. குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுத்த ஓலையில் ஒரு சின்னச் சிலுவை செய்து, மாவின் மேல் வைத்து ஆவியில் வேக வைப்பார்கள். கூடவே தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பெசஹா பால். இரவில் எல்லோரும் செபித்த பிறகு, வீட்டில் மூத்தவர் அப்பத்தை வெட்டி, பாலில் தொட்டு, வயது வரிசைப்படி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். அவர் கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் பேச மாட்டார்கள். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை, பக்கத்து வீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மூன்று வருடம் முன்பு அம்மச்சியின் கணவர் இறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுபோனோம். செய்முறை அவரே சொல்லித்தந்ததுதான். வாசலில் நின்று வாங்கிக்கொண்டவர், ஓலைச் சிலுவையை மட்டும் எடுத்துக் கணவர் படத்துக்குக் கீழே வைத்தார்.

செம்மண்ணின் ஊரில் பாஸ்கா மேடையில் இருக்கிறது. இங்கே அது தட்டில். இவர்கள் "பாஸ்கா" என்று சொல்லாமல் "பெசஹா" என்பது ஏன் என்று சொல்தேடி சொல்வாரா?

சொல்தேடி

படிக்கும்போது தொண்டை அடைத்தது. சொல்கிறேன்.

கேரளத்தின் பழைய மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல் லத்தீன் வழியாகவோ போர்த்துகீசியம் வழியாகவோ வரவில்லை. அவர்கள் வழிபாட்டு மொழியான சுரியானியிலிருந்து, அதாவது அரமேயத்தின் ஒரு வகையிலிருந்து, நேராக வந்தது. ஆகவே கிரேக்கக் காது நடுவில் இல்லை. ஆனால் சுரியானியிலும் ஒன்று நடந்திருக்கிறது. எபிரேயத்தில் இருக்கும் சகர எழுத்துக்குப் பதில் சுரியானியில் வேறொரு அழுத்தமான சகரம். அந்த எழுத்தோடு சேர்ந்தால் சுரியானியில் அந்த வேருக்கு "மகிழ்தல்" என்று பொருள். ஆக, கிரேக்கர் கேட்டபோது துன்பமாக ஒலித்த பெயர், சுரியானிக்காரர் கேட்டபோது மகிழ்ச்சியாக ஒலித்தது. அரபியில் இந்தப் பண்டிகைக்கு உள்ள பெயரிலும் அதே அழுத்தமான எழுத்துதான் இருக்கிறது.

மூன்று மொழிகள், ஒரு பெயர். காத்தல், பாடு, மகிழ்ச்சி. இதை நான் பல வருடம் முன்பு முதலில் கற்றபோது அன்றிரவு தூங்கவில்லை.

பனங்காடு

நாடகம் விடிய விடிய நடக்கும் என்று செம்மண் எழுதியதும் எனக்கு நிலா நினைவுக்கு வந்தது. பஸ்கா ஆட்டை அடிப்பது நிசான் 14 மாலை. சந்திர மாதத்தின் நடு, அதாவது பௌர்ணமி. நம் கணக்கில் பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும். ஈஸ்டர் ஞாயிறும் மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறுதான். அதனால் பெரிய வெள்ளி இரவில் அமாவாசை இருட்டு வரவே வராது. நிலா முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் தேய்ந்து தாமதமாக எழும். செம்மண், உங்கள் ஊர் நாடகத்தில் நிலா இருந்ததா?

செம்மண்

இருந்தது ஐயா. கரண்டு வருவதற்கு முன்பு பெட்ரோமாக்ஸ் மூன்றுதான், மீதி நிலா வெளிச்சம் என்று பெரியப்பா சொல்வார். அதற்குக் காரணம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நேற்று அவருக்குப் போன் செய்தேன். எண்பத்திரண்டு வயது. கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் வசனம் எல்லாம் மனப்பாடம். நாடகத்துக்கு ஏன் பாஸ்கா என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். "இது என்னப்பா கேள்வி, முதல் காட்சியே அதுதானே" என்றார். எனக்குப் புரியவில்லை. நாடகம் தோட்டத்திலிருந்துதானே தொடங்கும் என்றேன். "நீங்க எல்லாம் சோறு தின்னுட்டு லேட்டா வந்து உக்காருவீங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு காட்சி போயிருக்கும்" என்றார். அப்புறம் கொஞ்சம் இருமிவிட்டு, போனிலேயே குரலை உயர்த்திச் சொன்னார்: "ஆண்டவரே, நீர் பாஸ்கா உண்பதற்கு நாங்கள் எங்கே ஏற்பாடு செய்ய வேண்டும்?" சீடர் வேடம் கட்டியவர் சொல்வது. திரை விலகியதும் மேடையில் கேட்கிற முதல் வசனம் அது.

அப்பாயி வயதானவர் என்று முதலிலேயே போய் இடம் பிடித்துவிடும். இந்த வசனத்தை ஒரு வருடம்கூடத் தவறவிட்டிருக்காது. நான்தான் கேட்டதில்லை.

மகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாத்தா சொல்லச் சொல்ல முழு நாடகத்தையும் எழுதப் போகிறாளாம். வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போகிறோம். தாம்பாளம் பெரியம்மா வீட்டுப் பரணில் இருக்கிறதாம்.

முத்துக்கரை

அண்ணை, எழுதி முடிஞ்சதும் இங்கே போடுங்கோ. எங்கட பாஸில் பிலாத்து கை கழுவும்போது பாடும் பாட்டு எனக்குப் பாதிதான் ஞாபகம். உங்கட பெரியப்பாவிடம் அந்த மெட்டு இருக்குதோ என்று கேட்டுப் பாருங்கோ.